கிளம்பிப் போனவர்கள்

வார்சாவிலிருந்து தெற்கே பஸ்ஸில் போனால் நகரம் முடிந்த கையோடு ஆப்பிள் தோட்டங்கள் ஆரம்பித்துவிடும். எங்கள் பக்கம் மக்காச்சோளம் எப்படியோ அங்கே ஆப்பிள் அப்படி. அந்தத் தோட்டங்களுக்கு நடுவே, மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு சின்ன கிராமத்தில் மூன்று வருஷம் இருந்தேன். பறித்த ஆப்பிளை அடுத்த கோடை வரைக்கும் கெடாமல் வைத்திருக்கிற குளிர்பதனக் கிடங்கு ஒன்று அங்கே இருந்தது. அதில் மெஷின் பார்க்கிற வேலை எனக்கு. பெரம்பலூரில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்து, பிறகு துபாய் போய், கடைசியில் திருச்சி ஏஜெண்ட் ஒருவர் மூலமாகப் போலந்து போய்ச் சேர்ந்தவன் நான்.

கிராமம் என்றால் ஒரு சர்ச், ஒரு மளிகைக் கடை, தீயணைப்பு வண்டி நிற்கிற கொட்டகை, ரோட்டின் இரண்டு பக்கமும் வீடுகள். அவ்வளவுதான். அந்த ஊர்ப் பிள்ளைகள் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன வேலையைச் செய்ய உக்ரைன்காரர்கள், நேபாளிகள், நான்.

நான் தங்கியிருந்தது ஒரு பெரியவரின் வீட்டுக் கொல்லையில். எழுபதைத் தாண்டியவர், மனைவி இல்லை. பால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். முன்னால் இருந்த பெரிய மர வீட்டில் அவர் இருந்தார். பின்னால் முன்பு மாடு கட்டியிருந்த கட்டடத்தில் ஒரு அடுப்பும் ஒரு கக்கூசும் வைத்து எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வந்த முதல் மாதமே அவருடைய பழைய ஃபிரிட்ஜைச் சரி செய்து கொடுத்தேன். அதிலிருந்து என் மேல் அவருக்குப் பிரியம். என்னை 'ஹிந்துஸ்' என்று கூப்பிடுவார். இந்தியனுக்கு அவர்கள் மொழியில் அதுதான் சொல். ஞாயிற்றுக்கிழமை சூப் வைத்தால் ஒரு கிண்ணத்தில் எனக்கும் வரும். அவரோடு பேசிப் பேசித்தான் எனக்குப் போலிஷ் வந்தது. இலக்கணம் எல்லாம் கிடையாது, ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுவேன்.

அந்த வீட்டுக்கு ரோட்டைப் பார்த்து இரண்டு வாசல். ஒன்றில் அவர் போய் வருவார். இன்னொன்றைப் பலகை வைத்து ஆணி அடித்து மூடியிருந்தார்கள். அந்த ஊரில் வேறு எந்த வீட்டுக்கும் அப்படி இல்லை. ஒருநாள் பனி தள்ளும்போது கேட்டேன்.

"முன்னாடி அங்க கடை இருந்துச்சு" என்றார்.

"உங்க அப்பா கடையா?"

"இல்ல. முன்னாடி இருந்தவங்களோடது."

"அவங்க எங்க இப்ப?"

"வியெஹாலி" என்றார். கிளம்பிப் போயிட்டாங்க என்று அர்த்தம். சொல்லிவிட்டுப் பனியைத் தள்ள ஆரம்பித்துவிட்டார்.

ஊர் முக்கில் ஒரு கல் உண்டு. கறுப்புக் கல்லில் வரிசையாகப் பெயர்கள். செப்டம்பர் மாதம் ஒரு நாள் அங்கே கூடி, மெழுகுவர்த்தி ஏற்றி, தீயணைப்புக்காரர்கள் சீருடையில் நிற்க, பாதிரியார் ஜெபம் சொல்வார். முதல் வருஷம் பெரியவர் என்னையும் அழைத்துப்போனார். இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். திரும்பி வரும் வழியில் எல்லாவற்றையும் சொன்னார். யுத்த சமயத்தில் பக்கத்துக் காட்டில் யாரோ ஒரு ஜெர்மன் சிப்பாயைச் சுட்டுவிட்டார்கள். யார் என்று தெரியவில்லை. ஜெர்மன்காரர்கள் வந்து இந்த ஊர் ஆண்களைப் பிடித்து சர்ச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். பாதி ஊரைக் கொளுத்தினார்கள். பெரியவரின் பெரியப்பா பெயர் அந்தக் கல்லில் இருக்கிறது. அவர்கள் வீடும் எரிந்தது. பெரியவரின் அம்மாவைக் குமரிப் பெண்ணாக இருக்கும்போதே ஜெர்மனிக்குக் கொண்டுபோய், ஒரு பண்ணையில் அடிமை மாதிரி வேலை வாங்கினார்கள். ஒரு வருஷம் கழித்து எப்படியோ தப்பி வந்துசேர்ந்தாள்.

"பெரியப்பாவுக்குக் கல்யாணம்கூட ஆகல" என்று சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. தான் பிறப்பதற்கு முன்னாலேயே செத்துப்போன மனுஷனுக்காக அழுதார். எனக்கும் கண் கலங்கியது. அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த பாசம் பொய்யில்லை. வீடு எரிந்த குடும்பம் என்றால் எனக்குத் தனியாக விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஊர் விக்கிரமங்கலத்துக்குப் பக்கம். பக்கம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஊர் என்று வாய் சொல்கிறதே தவிர, எங்கள் பக்கத்தில் ஊர் என்றால் அதில் எங்கள் தெரு சேராது. "ஊர்ல என்னா பேசிக்கிறாங்க?" என்று எங்கள் ஆட்களே கேட்டுக்கொள்வார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருப்பது ஊர். இந்தப் பக்கம் இருப்பது காலனி.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஊரில் திருவிழா. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் சைக்கிளில் போகும்போது ஊர்க்காரர் ஒருத்தர் மேல் இடித்துவிட்டது. இடித்ததற்காக அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பார். சைக்கிளை விட்டு இறங்காமல் பேசினான் என்று அடித்தார்கள். அவர் திருப்பி அடித்துவிட்டார். மறுநாள் மத்தியானம், பெரியவர்கள் எல்லாம் அறுப்புக்குப் போயிருந்த நேரம், மண்ணெண்ணெய் கேனோடு வந்துவிட்டார்கள்.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஜன்னல் வழியாகப் புகை தெரிந்தது. வாத்தியார் எழுந்து கதவைச் சாத்தினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊர்ப் பையன் எக்கிப் பார்த்துவிட்டு, "ஒங்க தெருதான்டா" என்றான். கிண்டலாக இல்லை. மழை வருது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து அம்மா பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கமாக வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கரும்புக்காட்டு வழியாக ரோட்டுக்குப் போய், அரியலூர் பஸ் ஏறி, அங்கிருந்து பெரம்பலூரில் அத்தை வீட்டுக்குப் போனோம். அப்பா அடுத்த நாள்தான் வந்து சேர்ந்தார். தலையில் கட்டு.

போலீஸ் வந்தது, அதிகாரிகள் வந்தார்கள், சமாதானக் கூட்டம் போட்டார்கள். இரு தரப்பு மோதல் என்றார்கள். எரிந்தது ஒரு தரப்பு வீடுகள் மட்டும்தான். சில குடும்பங்கள் திரும்பிப் போய்க் கூரை போட்டுப் பார்த்தன. கடையில் சாமான் கிடையாது, வயலில் வேலை கிடையாது. ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. அப்பாவுக்கு வாய்க்காலோரம் ஒரு துண்டு நிலம் இருந்தது. இரண்டு வருஷம் தரிசாகக் கிடந்தது. மூன்றாவது வருஷம் கேட்ட விலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். யாரும் கழுத்தைப் பிடித்துக் கையெழுத்து வாங்கவில்லை. பத்திரமெல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும்.

அதற்கப்புறம் அப்பா ஒரே ஒரு தடவை அங்கே போனார். நான் சிமெண்ட் ஆலையில் இருந்த காலம். கூட வேலை செய்தவனின் வண்டியை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். "ஒரு தடவ கூட்டிட்டுப் போடா. சும்மா பாத்துட்டு வந்துரலாம்" என்றார். போனோம். எங்கள் தெருவே இல்லை. வீடு இருந்த இடத்தில் தகரம் போட்ட மாட்டுக் கொட்டகை. இரண்டு சீமைப் பசு நின்றுகொண்டிருந்தது. கொட்டகைக்காரர் வந்து, "யாருங்க, என்ன வேணும்?" என்றார். அப்பாவுக்கு அவரை நன்றாகத் தெரியும். அவருக்கும் அப்பாவைத் தெரிந்திருக்க வேண்டும்.

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தோங்க" என்றார் அப்பா.

வெயில். குடிக்கத் தண்ணீர் கேட்டார். அந்த வீட்டம்மா ஒரு பழைய கலர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தார். அப்பா குடித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "பரவால்ல, பாட்டில நீங்களே வச்சுக்குங்க" என்றார் அந்தம்மா. சிரித்த முகமாகத்தான் சொன்னார். அரியலூர் வரும்வரை அப்பா அந்தப் பாட்டிலைப் பின்னால் உட்கார்ந்து கையில் பிடித்துக்கொண்டே வந்தார். நான் துபாயில் இருந்தபோது இறந்துபோனார்.

இதையெல்லாம் போலந்துப் பெரியவரிடம் நான் சொன்னதில்லை. என் போலிஷ் அவ்வளவு தூரம் வராது. அது மட்டுமில்லை, ஞாயிற்றுக்கிழமை சூப்பு நின்றுவிடுமோ என்ற எண்ணமும் இருந்தது. நம் கதையைச் சொன்ன பிறகு முகம் மாறியவர்களை நான் துபாய் கேம்பிலேயே பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வருஷம், அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. முற்றத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றது. கைத்தடி ஊன்றிய ஒரு அம்மா, எழுபது வயது இருக்கும், அவருடைய மகன் மாதிரி ஒருவர். பெரியவர் கேட்டுக்கு உள்ளே நின்று ஏதோ பேசிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஹிந்துஸ், இங்க வா. இவங்க இங்கிலீஷ் பேசுறாங்க."

போனேன். அந்தம்மா அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். மகன்தான், என் வயது. ஒரு பழைய போட்டோவைக் காட்டினார். ரோட்டைப் பார்த்து இரண்டு வாசல் வைத்த மர வீடு. வாசலில் தாடி வைத்த ஒருவர், முக்காடு போட்ட ஒரு பெண், குழந்தைகள். அதில் ஒரு பெண் குழந்தையைக் காட்டி, "எங்கம்மா" என்றார்.

நான் போட்டோவைப் பார்த்தேன், வீட்டைப் பார்த்தேன். பெரியவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவரும் பார்த்துவிட்டார்.

"என்ன வேணுமாம்?" என்று கேட்டார்.

நான் கேட்டேன். "ஒண்ணும் வேண்டாம். அந்தக் கடை இருந்த அறையை உள்ளே போய் ஒரு தடவை பார்க்கணும்" என்றார் அந்தம்மா.

"சும்மா பாக்கவா? சும்மா பாக்க அமெரிக்காவிலேருந்து யாரும் வர மாட்டாங்க" என்றார் பெரியவர். "உள்ள சாமான் கெடக்கு. முடியாதுன்னு சொல்லு."

முடியாது என்று சொன்னேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. ஒரு வார்த்தை கூட்டிக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். உடம்பு சரியில்லை, இன்னொரு நாள் வாங்க என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் சொன்னதை அப்படியே சொல்வதுதான் அந்தம்மாவுக்குச் செய்கிற மரியாதை என்று அப்போது பட்டது.

அந்தம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "கடைக்காரர் குடும்பத்துக்கு என்ன ஆச்சுன்னு இந்த ஊர்ல என்ன சொல்றாங்கன்னு கேளுங்க" என்றார்.

கேட்டேன். "கிளம்பிப் போயிட்டாங்க" என்றார் பெரியவர்.

அதையும் சொன்னேன். அந்தம்மா தலையை ஆட்டினார். பிறகு மெதுவாக, நான் மொழிபெயர்க்க இடம் விட்டு விட்டுச் சொன்னார். ஜெர்மன்காரர்கள் உத்தரவு போட்டார்களாம். இந்த ஊர் ஆட்களே குதிரை வண்டி கட்டி வந்தார்களாம். யூதக் குடும்பங்களை எல்லாம் அந்த வண்டிகளில் ஏற்றிப் பக்கத்து டவுனுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். அங்கிருந்து ரயில். அந்த ரயிலில் போனவர்கள் ஒருத்தரும் திரும்பவில்லை. இவருடைய அம்மா மட்டும், வண்டி வந்த அன்று எங்கேயோ பட்டன் தைத்து வாங்கப் போயிருந்ததால் தப்பினாள். யுத்தம் முடியும்வரை காட்டிலும் வைக்கோல்போரிலும் கிடந்தாள். முடிந்ததும் வீட்டுக்கு வந்தாள். இதே கேட்டில் வந்து நின்றாள்.

"உள்ளே வேற குடும்பம் இருந்துச்சாம். ஒரு சின்ன வயசுப் பொம்பளை, இடுப்புல குழந்தை. எங்கம்மாவைப் பார்த்ததும் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டா. அழுதா. ஒரு ரொட்டியைக் கொண்டாந்து கையில கொடுத்துட்டு, இங்க நிக்காதே, போயிடு, உன்னைக் கொன்னுடுவாங்கன்னு சொன்னாளாம்."

இதைப் போலிஷில் சொல்லும்போது எனக்கு வார்த்தை தடுமாறியது. 'இடுப்பில் குழந்தை' என்பதற்குச் சொல் தெரியாமல் கையால் காட்டினேன்.

பெரியவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது எங்கம்மா" என்றார். "இடுப்புல இருந்தது எங்க அக்கா." அப்புறம், "எங்கம்மா இதை எங்கிட்ட சொன்னதே இல்ல."

அந்த நிமிஷத்தில் கேட்டைத் திறந்துவிடுவார் என்று நினைத்தேன். அந்தம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பார், கைத்தடியை மாற்றிப் பிடித்தார். பெரியவர் திறக்கவில்லை.

மகன்தான் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார். நெடுந்தூரம் காரில் வந்திருக்கிறார்கள், அம்மாவுக்கு பாத்ரூம் போக வேண்டும். பெரியவரிடம் சொன்னேன். அவர் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "உன்னோட கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

அப்படித்தான் அந்தம்மா தன் அம்மா பிறந்த வீட்டுக்குள் நுழைந்தார். பக்கவாட்டுச் சந்து வழியாக, என் துணிக்கொடிக்குக் கீழே குனிந்து, மாட்டுக்கொட்டகைக்கு. வெளியே வந்ததும் நாற்காலி போட்டேன். இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தேன். அறை முழுக்க முந்தின நாள் வைத்த சாம்பார் வாசனை. அவர் சுவரையும் கூரை மரங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. என் காலண்டரும் மளிகை டப்பாக்களும்தான்.

"உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டார்.

இந்தியா, தெற்கே, ஒரு கிராமம் என்றேன்.

"போய்ட்டு வருவீங்களா?"

"அந்த கிராமத்துக்குப் போறதில்லைங்க. எங்க வீடு இப்ப அங்க இல்ல."

"யார் இருக்கா அதுல?"

"மாடு கட்டியிருக்காங்க" என்றேன்.

அந்தம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். டம்ளரைத் தானே எடுத்துப்போய்த் தொட்டியில் கழுவி வைத்தார். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

போகும் வழியில் முக்கில் இருந்த கல்லிடம் காரை நிறுத்தினார்கள். நானும் கூடப் போயிருந்தேன். மகன் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். கடைக்காரர் குடும்பத்தின் பெயர் எதுவும் அதில் இல்லை. வண்டியில் ஏற்றிப்போனவர்கள் ஒருவர் பெயரும் இல்லை. சாயங்காலம் பெரியவரிடம் அதைக் கேட்டேன்.

"அவங்களும் இந்த ஊர்தானே, அதே ஜெர்மன்காரன்தானே கொன்னான். பேரு ஏன் இல்ல?"

"அது ஊர்க் கல்லு" என்றார். "அவங்களுக்கு வேற எங்கேயாவது வச்சிருப்பாங்க."



அதற்குப் பிறகு அவர் நிலைகொள்ளாமல் ஆகிவிட்டார். "உங்கிட்ட தனியா என்ன கேட்டாங்க? பத்திரம் எதுனா காட்டினாங்களா?" என்று மறுபடி மறுபடி கேட்டார். "நான் பொறந்தது இந்த வீட்டுல. எங்க வீட்டை ஜெர்மன்காரன் எரிச்சான். போக எடம் இல்லாம நின்ன எங்கப்பாவுக்கு ஊர் நிர்வாகம் கொடுத்த வீடு இது. நாங்க யாரையும் வெரட்டல. இந்த வயசுல எங்க போவேன்?" அவர் சொன்னது எல்லாமே உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

"உங்களைப் போகச் சொல்லி யாரும் கேக்கலையே. உள்ள விட்டிருக்கலாம், அவ்வளவுதான்" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அந்த வாரம் சூப் வரவில்லை. பலகை அடித்த அந்த வாசலையே ஆள் வைத்து எடுத்துவிட்டு, செங்கல் வைத்துக் கட்டி, மேலே பெயிண்ட் அடித்தார். வெளியூரிலிருந்து தங்கை மகன் வந்து தங்கப் போகிறான், அறை வேண்டும், மாதக் கடைசியில் காலி செய்துகொடு என்று என்னிடம் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் கிடங்குக்குப் பின்னால் இருந்த கண்டெய்னர் அறைக்கு நேபாளிகளோடு மாறிக்கொண்டேன். வேலை முடிந்து போகும்போது பார்ப்பேன். குளிர்காலம் முழுக்க அந்தக் கொல்லை அறையில் விளக்கு எரியவில்லை. தங்கை மகன் யாரும் வரவில்லை. என்னை ரோட்டில் பார்த்தால் பெரியவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைப்பார். பேச்சு இல்லை.

வசந்தத்தில் காண்ட்ராக்ட் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. பெரம்பலூருக்கு வந்துவிட்டேன். துறையூர் ரோட்டில் ஏ.சி., ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கைக்காரர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மாதம் ஒருமுறை ஒரு மண்டபத்து மாடியில் வாசகர் கூட்டம் நடத்துகிறார். ஃபிரிட்ஜ் பார்க்கப் போனபோது போலந்துக் கதையைக் கொஞ்சம் சொன்னேன். "இத நீங்க எங்க கூட்டத்துல வந்து பேசணும்ங்க" என்று பிடித்துக்கொண்டார்.

போனேன். ஐம்பது பேர் இருப்பார்கள். எனக்கு மேடைப் பேச்சு வராது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். குதிரை வண்டி, ரயில், ரொட்டி, கேட்டு, கக்கூசு, கல். முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முடித்ததும் கேள்வி கேட்கலாம் என்றார்கள். நடுவரிசையில் என் வயதுக்காரர் ஒருவர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல கணீர்க் குரல். பெரம்பலூரில் ஏதோ ஆபீஸில் இருக்கிறார். முகத்தைப் பார்த்ததுமே எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு சொந்த ஊரைச் சொன்னார். விக்கிரமங்கலம் பக்கத்தில் அந்த ஊர்.

"சார், கேக்கவே நெஞ்சு பதறுது" என்றார். "அந்தக் கெழவனுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? பத்து நிமிஷம் உள்ள விட்டா என்ன கொறஞ்சு போயிருவான்? ஒரு ஊரே சேர்ந்து இப்படி மறைக்க முடியுமா சார்? இது மனுஷங்க இருக்கிற எடமா?"

கை தட்டினார்கள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் வாய் கேட்டுவிட்டது. "உங்க ஊர்ல வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு தெரு இருந்துச்சேங்க. அது இப்ப எங்க இருக்கு?"

"எந்தத் தெரு?" என்றார்.

"காலனித் தெரு."

யோசித்தார். நடிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தார் என்றுதான் எனக்குப் பட்டது. "அதுவா. அவங்கல்லாம் ரொம்ப காலம் முன்னாடியே டவுனுக்குப் போயிட்டாங்க சார். பிள்ளைங்க படிப்பு, வேலை. இப்ப நல்லா இருக்காங்க எல்லாரும்."

"எங்க வூடும் அங்கதான் இருந்துச்சு" என்றேன். "நான் மூணாவது படிக்கையில கொளுத்தினாங்க. பள்ளிக்கூட ஜன்னல்லேருந்து பாத்தேன்."

கூட்டம் அசைந்தது. நாற்காலிச் சத்தம் கேட்டது. அவர் முகத்தில் கோபம் இல்லை. சங்கடம்தான் இருந்தது. "சார், அது ரெண்டு பக்கமும் தப்பு நடந்தது. சின்னப் புள்ளையில கேள்விப்பட்டிருக்கேன். அதையும் இதையும் ஒண்ணா வைக்கலாமா? அங்க லட்சக்கணக்கா கொன்னாங்க."

"ஒண்ணா வைக்கலைங்க" என்றேன். "ரெண்டு எடத்துலயும் கிளம்பிப் போயிட்டாங்கன்னு சொல்றாங்க. அதத்தான் சொன்னேன்."

தலைமையாசிரியர் மைக்கை வாங்கிவிட்டார். "நண்பர்களே, தலைப்பை விட்டு விலக வேண்டாம், நேரமும் ஆகிவிட்டது" என்றார். நன்றி உரை. எனக்குப் பொன்னாடை. போர்த்தியவர் கை என் தோளில் பட்டும் படாமலும் இருந்தது. நானாக அப்படி நினைத்துக்கொண்டேனோ என்னவோ. அதுகூட நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அதுதான் இதில் பெரிய கொடுமை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு பயப்படுவாள் என்றும் நினைக்கவில்லை.

"யாரு, எந்த வூட்டு ஆளு அவன்?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "ஒனக்கு எதுக்கு சாமி இந்த வேல?" என்றாள். "ஒம் புள்ளைக்கு வேல தேடிக்கிட்டு இருக்கோம். நாளைக்கு அவன் ஆபீஸ்லயே போயி நிக்கிற மாதிரி ஆனா? அந்த ஊரு பேச்சே நம்ம வாயில வரக் கூடாது."

"நடந்து எவ்ளோ வருஷம் ஆச்சும்மா."

"ஆகட்டும்" என்றாள். "நீ அந்தப் பேச்ச எடுக்காத." எழுந்துபோய்க் கதவைத் தாழ் போட்டாள். மாலை ஆறு மணிகூட ஆகவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தலைமையாசிரியர் போன் செய்தார். ஆண்டு மலர் கொண்டுவருகிறார்களாம். போலந்து அனுபவத்தைக் கட்டுரையாக எழுதிக் கொடுக்க வேண்டும். "அந்தக் கடைசிப் பகுதி வேண்டாம்ங்க. போலந்து மட்டும் போதும். அதுலயே எல்லாம் இருக்கு, வாசகர்கள் புரிஞ்சுக்குவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." எழுதித் தரவில்லை. அவர் வீட்டு ஃபிரிட்ஜுக்கு இப்போது வேறு ஆள் போகிறான்.

போன மாதம் அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்து ஏ.சி. வேலை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ்ஸில் ஏறினால், "போலந்து சார்! வாங்க, வாங்க" என்று குரல். அந்த வெள்ளைச் சட்டைக்காரர். பக்கத்து சீட்டிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன். நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். அவர் மகன் கம்ப்யூட்டர் படிக்கிறானாம், ஐரோப்பாவில் எந்த நாட்டுக்கு அனுப்பலாம், குளிர் தாங்குமா, சாப்பாட்டுக்கு என்ன செய்வது. தெரிந்ததைச் சொன்னேன். டிக்கெட்டையும் அவரே எடுத்தார். கூட்டத்தில் நடந்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மூன்றாம் வகுப்பில் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை.

அரியலூரில் இறங்கினோம். விக்கிரமங்கலம் போகிற பஸ் புறப்படத் தயாராக நின்றது. அவர் ஓடிப்போய் ஏறினார். ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்து தலையை வெளியே நீட்டினார்.

"சார், ஒரு ஞாயித்துக்கிழமை எங்க ஊருக்கு வாங்களேன்" என்றார். "வாய்க்கால்ல தண்ணி ஓடுது, சூப்பரா இருக்கும். சும்மா ஒரு நாள் சுத்திப் பாத்துட்டுப் போகலாம்."

மனசார அழைத்தார். வரேங்க என்றேன். பஸ் போய்விட்டது.